ஆளில்லாத தெருவின் ஷட்டர்கள்

உயிரோடு இருக்கிற மனுஷனைத் தினமும் பார்த்து, ‘நீ செத்து ரொம்ப நாளாச்சு’ என்று சொல்லிக்கொண்டே இருந்தால் இரண்டில் ஒன்று நடக்கும். ஒன்று, அவன் நம்பிப் போய்ப் படுத்துக்கொள்வான். இல்லையென்றால், சொன்னவன் படுத்துக்கொள்ள வேண்டிவரும். போல்ட்டக்காவின் ஊரில் முதல் ரகமும் கொஞ்சம் உண்டு. அக்கா இரண்டாவது ரகம்.

போல்ட்டுக்கு மரை போடுகிற அக்கா, அதனால் போல்ட்டக்கா. அவள் கூந்தலை உதறினால் போல்ட்டு விழும், சாப்பாட்டுக் கூடையைக் கவிழ்த்தால் போல்ட்டு விழும். ஒருமுறை ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தபோது வயிற்றுக்குள் ஒரு போல்ட்டு தெரிந்து டாக்டர் வெலவெலத்துப்போனார் என்றும், “இடுப்புல சொருகினது, எடுக்க மறந்துட்டேன், நீங்க கத்தியக் கீழ வைங்க” என்று அக்கா சொன்னாள் என்றும் ஒரு கதை உண்டு. அவள் பட்டறையில் இரும்பு கடைகிற லேத்து மெஷின் மூன்று. மூன்றும் ஓடினால் பக்கத்துப் பட்டறைக்காரர் பேசுவது அவர் காதுக்கே எட்டாது.

மூன்றாவது லேத்தில் நிற்பவர் அக்காவின் வீட்டுக்காரர். கல்யாணமான நாளாக அவர் வாயிலிருந்து வந்தது ‘ம்’ ஒன்றுதான். சம்மதத்துக்கு ஒரு ம், மறுப்புக்கு ஒரு ம், பசிக்குச் சற்று நீளமான ம். தெருவே அவரை ம்-அண்ணன் என்று அழைத்தது. “உங்க வீட்டுல சண்டையே கிடையாதாமே” என்று யாராவது வயிறெரிந்தால் அக்கா சொல்வாள்: “சண்டைக்கு ரெண்டு பேர் வேணும். எங்க வீட்டுல ஒண்ணேகால் பேர்தான்.”

இவர்கள் பட்டறை இருந்த வரிசையைப் பற்றிச் சொன்னால் வெளியூர்க்காரன் நம்பமாட்டான். பட்டறைகள் ஒன்றோடொன்று தோள் உரசிக்கொண்டு நிற்கும். முன்பக்கம் பெரிய சாலை, பின்பக்கம் சந்து. சாலையின் கோடியில் உருக்காலை. அது ஓடிய காலத்தில் சாலை முழுக்கச் சிவப்புப் புழுதி. வெள்ளைச் சட்டையோடு இந்த முனையில் நுழைந்தவன் அந்த முனையில் சிவப்புச் சட்டையோடு வெளியே வருவான், சாயக்கூலி மிச்சம். அந்தப் புழுதி லேத்துக்குள் போனால் லேத்து ஆயுசுக்கும் இருமும். அதனால் எல்லாப் பட்டறைக்காரர்களும் ஒரே மூச்சில் முன் ஷட்டரை இழுத்து மூடினார்கள். பின்சுவரை உடைத்துச் சந்துப்பக்கம் வாசல் வைத்தார்கள். ஷட்டரை ஒட்டி லேத்துகளைத் தரையோடு இறுக்கினார்கள். அன்றிலிருந்து கொடுக்கல் வாங்கல், சண்டை, சமாதானம், டீ, எல்லாம் பின்சந்தில்.

பிறகு உருக்காலை மூடியது. புழுதியும் அடங்கியது. ஆனால் ஷட்டர்கள் திறக்கவில்லை. பாதி பழக்கம், பாதி திமிர். “வேலை தெரிஞ்சவனுக்குச் சந்து தெரியும். சந்து தெரியாதவனோட நமக்கென்ன பேச்சு” என்பது தெருவின் சட்டம். சொந்தப் பட்டறையின் முன்பக்கம் எப்படி இருக்கும் என்பதே பலருக்கு மறந்துபோயிருந்தது. அந்த ஷட்டர்கள் காற்றில் தடதடவென்று ஆடித் தூக்கத்தைக் கெடுத்தபோது மட்டும் பொறி என்கிற வெல்டிங்காரனை அனுப்பினார்கள். அவன் வாய் திறந்தாலும் பொறி, வேலை செய்தாலும் பொறி. முன்பக்கம் போனவன் ஒரு பட்டை இரும்பை எடுத்து, இந்தக் கோடிப் பட்டறையிலிருந்து அந்தக் கோடிப் பட்டறைவரை எல்லா ஷட்டர்களுக்கும் குறுக்கே ஒரே கோடாகப் பற்றவைத்துவிட்டு வந்தான். ஷட்டர்கள் வாயடைத்தன. “இனி பூகம்பமே வந்தாலும் முணுக்குன்னு ஒரு சத்தம் வராது” என்று மார்தட்டினான். அதற்குப் பிறகு முன்பக்கம் போனவர் எவருமில்லை.

இங்கேதான் கோளாறு. ஊருக்குள் நுழைகிற வெளியூர்க் கார்கள் எல்லாம் அந்தப் பெரிய சாலையில்தான் வரும். காருக்குள் ஏசி. ஏசிக்காகக் கண்ணாடி ஏற்றியிருக்கும். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தால் உலகத்தில் எந்த ஊரும் செத்த ஊர்தான். துருப்பிடித்த ஷட்டர், அதன் இடுக்கில் முளைத்த புல், புல்லின் மேல் உட்கார்ந்த ஒரு காக்கா. “ஐயோ பாவம்” என்பார்கள். காக்காவையும் சேர்த்துப் படம் எடுப்பார்கள். அக்காவின் ஷட்டரைப் படம் எடுத்த ஒருவருக்கு எங்கேயோ ஒரு நாட்டில் பரிசு கிடைத்ததாம். படத்துக்குப் பெயர் ‘நிசப்தம்’. அவர் அதை எடுத்த நேரத்தில் ஷட்டருக்குப் பின்னால் மூன்று லேத்தும் ஓடிக்கொண்டிருந்தன. ம்-அண்ணன் தன் காதில் பஞ்சு அடைத்திருந்தார்.

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். இந்த ஊர் இருந்தபோது எவனும் செப்புக்காசுக்கும் மதிக்கவில்லை. இறந்துபோனதாகக் கேள்விப்பட்டதும் ஆயிரம் பொன்னுக்கு ஆள் கிளம்பிவிட்டார்கள். செத்த ஊரைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறவன், செத்த ஊரைச் சுற்றிக் காட்டுகிறவன், செத்த ஊரைப் பிழைக்கவைக்கத் திட்டம் போடுகிறவன். பிழைக்கவைப்பது என்றால் இடிப்பது என்று அர்த்தம்.

அவர்களில் தலையாயவன் அக்காவின் கொழுந்தன். ம்-அண்ணனின் ஒரே தம்பி.

அக்கா கல்யாணமாகி வந்தபோது அவன் அரைக்கால்சட்டை. அவன் சட்டைக்குச் சோப்புப் போட்டவள் அக்கா. பின்சந்தில் விழுந்து, பின்சந்தில் எழுந்து, லேத்து கழிக்கிற சீவல் இரும்பில் காலைக் கிழித்துக்கொண்டு வளர்ந்தவன். படித்து வெளியூர் போனான். போன இடத்தில் அவனிடம், “உங்க ஊரு எப்படி” என்று கேட்டிருக்கிறார்கள். நல்லா இருக்கிறது என்று சொன்னபோது யாரும் காது கொடுக்கவில்லை. பெருமூச்சு விட்டு, “அது ஒரு காலம்” என்றான். உடனே நாற்காலி போட்டார்கள். மைக் கொடுத்தார்கள். அப்புறம் அவன் அந்த நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. டிவியில் அவன் பெயருக்குக் கீழே ‘நிபுணர்’ என்று போட்டார்கள். பின்சந்தும் அவனை நிபுணர் என்றே கூப்பிட ஆரம்பித்தது, ஆனால் அந்தச் சொல்லைத் துப்புகிற மாதிரிச் சொன்னது.

ஒரு மத்தியானம் அக்கா சாப்பிட்டுக்கொண்டே டிவி பார்த்தபோது, கொழுந்தன் அதில் வந்தான். தொழில் வாரியம் சாலையோரப் பட்டறைகளைப் பார்வையிடப் போகிறதாம். ஆள் புழக்கம் இல்லாத வரிசைகளைக் கைவிடப்பட்டவை என்று அறிவித்து, இடித்துவிட்டுக் கிடங்கு கட்டுமாம். நாளைக்கே வாரியத்து ஆபீசரோடு தானும் போகப்போவதாகச் சொல்லிவிட்டு, “என் பிறந்த ஊருக்கு நான் செய்யும் கடைசிக் கடமை” என்று மூக்குக்கண்ணாடியைத் துடைத்தான்.

 அக்கா அப்படியே எச்சில் கையோடு போனைப் போட்டாள்.

“ஏன்டா தம்பி, நீ அந்தச் சந்துலதான வளர்ந்த?”

“அண்ணி, உணர்ச்சிவசப்படாதீங்க. டேட்டான்னு ஒண்ணு இருக்கு.”

“உன் டேட்டாவுக்கு மூக்கு இருக்கா? இருந்தா ஒரு எட்டு பின்னால வரச் சொல்லு. எண்ணெய் வாசம் அடிக்கும்.”

“ரோட்டுல இருந்து பாக்கிறதுதான் வாரியத்தோட முறை. முன்பக்கம் மூடியிருந்தா மூடியிருக்குதுன்னுதான் அர்த்தம். அறிவிப்பு உங்க ஷட்டர்லயே ஒட்டி மூணு மாசம் ஆச்சு. யாராவது ஆட்சேபம் சொன்னீங்களா?”

 சொந்த ஷட்டரில் ஒட்டியதை இந்த உலகத்தில் படிக்காதவர்கள் அந்தத் தெருக்காரர்கள் மட்டும்தான்.

“சரிடா, நாங்க பாக்கல. நீ பார்த்தியே, நீ சொல்ல வேண்டியதுதானே, உள்ள ஆள் இருக்குன்னு?”

கொழுந்தன் குரல் தாழ்ந்தது. “அண்ணி, நான் எத்தனை மேடையில பேசியிருக்கேன் தெரியுமா? கைதட்டி அழுதிருக்காங்க. இப்பப் போய், ‘மன்னிக்கணும், உயிரோடதான் இருக்குது’ன்னா என் மானம் என்ன ஆகிறது?”

“உன் மானத்துக்காக நாங்க சாகணுமா?”

“சாக வேணாம் அண்ணி. ஏற்கெனவே...” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டான்.

ஏற்கெனவே. அந்த ஒரு சொல்லை அக்கா வாயில் போட்டு மென்றுகொண்டே சந்துக்கு வந்தாள். எல்லோரையும் கூப்பிட்டாள். பொறி வந்தான். பக்கத்துப் பட்டறை ஸ்பிரிங்கு வந்தார். ஸ்பிரிங் சுற்றிச் சுற்றி அவரும் அதே மாதிரி ஆகிவிட்டவர். நின்ற இடத்தில் நிற்கமாட்டார். யாராவது தும்மினால் துள்ளுவார்.

“முன் ஷட்டரைத் திறக்கணும்” என்றாள் அக்கா.

சந்தில் அப்படி ஒரு கெட்ட வார்த்தையை அதுவரை யாரும் சொன்னதில்லை.

“யாருக்காக?” என்றான் பொறி. “வெளியூர்க்காரனுக்குப் பல்லைக் காட்டவா? அதுக்கு நான் என் கட்டரை விழுங்கிட்டுச் சாவேன்.”

“விழுங்கு. ஆனா முதல்ல என் ஷட்டரை அறுத்துட்டு விழுங்கு.”

“அக்கா, அவன் நம்மளை மதிக்கலைன்னா நாம ஏன் அவன் முன்னாடி கடை விரிக்கணும்?” என்றார் ஸ்பிரிங்கு துள்ளிக்கொண்டே. “ரோஷம் வேணாமா?”

“ரோஷத்தை வெச்சு லேத்து ஓட்ட முடியுமா? கூரை போனப்புறம் உங்க ரோஷத்தை எங்க கொண்டுபோய் மாட்டுவீங்க? ஏங்க, நீங்க சொல்லுங்க.”

ம்-அண்ணன், “ம்” என்றார். அது எந்த ம் என்று யாருக்கும் புரியவில்லை. தம்பி விஷயம் என்பதால் அவருக்கே புரிந்திருக்காது.

பேச்சு அடிதடிவரை போய், டீயில் முடிந்தது. யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் அக்கா பொறியின் சட்டைக் காலரைப் பிடித்து, “நாளைக்குக் காலைல கேஸ் கட்டரோட முன்பக்கம் நிக்கிற. நான் கையைக் காட்டினா அறுக்கிற. காட்டலைன்னா உன் ரோஷத்தோட திரும்பி வந்துடு” என்றாள். முதலில் வாயால் பேசிப் பார்ப்பது என்பது அவள் திட்டம். மனுஷன் மனுஷனோடு பேசினால் புரியாதா என்று ஒரு நப்பாசை.

மறுநாள் கார் வந்தது. ஆபீசரே ஓட்டிவந்தார். பக்கத்தில் நிபுணர், சலவைச் சட்டை, மடியில் தண்ணீர் பாட்டில். செத்த ஊரில் தண்ணீர் கிடைக்காது என்று கொண்டுவந்தது. கார் வரிசைக்கு முன்னால் நின்றது. கண்ணாடி இறங்கவில்லை. ஆபீசர் போனை வாய்க்கு நேராகப் பிடித்துப் பேசிக்கொண்டிருந்தார். அவர் வாயில் வருவதுதான் தீர்ப்பு. அலுவலகத்தில் அதைக் கேட்டு அப்படியே பதிவு செய்வார்கள், அடுத்த வாரம் புல்டோசர் வரும்.

அக்கா கண்ணாடியைத் தட்டினாள். தட்டிக்கொண்டே இருந்தாள். நான்கு விரல் அகலத்துக்குக் கண்ணாடி இறங்கியது.

“சார், ஒரு நிமிஷம் பின்சந்துக்கு வந்து பாருங்க. எல்லாப் பட்டறையும் ஓடிட்டிருக்கு.”

“சந்துக்குள்ள கார் போகாதும்மா.”

“காரை விட்டுட்டு நடந்து வாங்க. கால் இருக்குல்ல?”

ஆபீசர் முகம் சுருங்கியது. பக்கத்தில் திரும்பி, “யார் இவங்க? இங்க ஆளே இல்லைன்னீங்க?” என்று கேட்டார்.

கொழுந்தன் அண்ணியைப் பார்த்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவனைக் கேள்விப்பட்டிருக்கிறோம். அவன், தன் சட்டையைத் துவைத்தவளை நான்கு விரல் கண்ணாடி இடுக்கில் மறைத்தான்.

“இந்த மாதிரி ஊர்ல இப்படிச் சிலபேர் இருப்பாங்க சார். போக மனசு வராம சுத்திக்கிட்டு இருப்பாங்க. நாங்க அவங்களை எச்சம்னு சொல்றது.”

 போல்ட்டை வைஸில் இறுக்கும்போது இருக்கிற மாதிரி அக்காவின் தாடை இறுகியது.

ஆபீசர் கொஞ்சம் இரக்கத்தோடு சொன்னார்: “அம்மா, வருத்தமாத்தான் இருக்கும். ஆனா நீங்க ஒருத்தர் நிக்கிறதால இது தெருவாகிடாது.” கண்ணாடி ஏறியது. உள்ளே அவர் வாய் அசைந்தது. ‘கைவிடப்பட்டது’ என்று அசைந்ததை உதடு படிக்கத் தெரியாத காக்காகூடப் புரிந்துகொண்டிருக்கும்.

அக்கா கையைக் காட்டினாள்.

பொறி முணுமுணுத்துக்கொண்டே கட்டரைப் பற்றவைத்தான். அக்காவின் ஷட்டருக்கு இரண்டு பக்கமும் பட்டை இரும்பை அறுத்துவிட்டால் அவள் ஷட்டர் மட்டும் விடுபடும் என்பது கணக்கு. அவனுக்குத் தெரியாத ஒரு விஷயம் உண்டு. யாருக்கும் தெரியாது, முன்பக்கம் போனால்தானே தெரியும். ஷட்டர்களைப் பிடித்திருந்த பக்கச் சட்டங்கள் எல்லாம் எப்போதோ துருவாகி உதிர்ந்திருந்தன. இத்தனை வருஷமாக அந்த வரிசையை நிமிர்த்தி வைத்திருந்தது தெருவின் தூக்கம் கெடாமல் இருக்க அவன் போட்ட அந்த ஒற்றைப் பட்டைதான்.

பட்டை அறுந்தது. அக்காவின் ஷட்டர் ஒரு முனகல் முனகி, வயதான மாடு படுப்பதுபோல மெதுவாகச் சாலையில் படுத்தது. பக்கத்து ஷட்டர், “நீ போனபின் எனக்கென்ன வேலை” என்று தானும் சாய்ந்தது. அதற்குப் பக்கத்தது, அதற்குப் பக்கத்தது என்று இரண்டு பக்கமும் ஓடி, வரிசை மொத்தமும் தெருவில் குப்புற விழுந்தது. அந்தச் சத்தத்தில் ஊரிலிருந்த நாய்கள் அடுத்த ஊருக்குப் போய்விட்டன, அடுத்த ஊர்க் கடிகாரங்கள் நின்றன, உருக்காலையின் பழைய வாட்ச்மேன் வீட்டில் படுத்திருந்தவர் எழுந்து சல்யூட் அடித்தார் என்று பின்னால் பேச்சு.

சிவப்புப் புழுதி அடங்க வெகுநேரம் ஆனது. அடங்கியபோது காருக்கு ஒரு கீறல் இல்லை. ஆனால் அதற்கு முன்னால் ஒரு ஷட்டர், பின்னால் ஒரு ஷட்டர், வரிசைப்பக்கக் கதவை முட்டிக்கொண்டு அக்காவின் ஷட்டர். இரும்பு ஓடைக்கு நடுவில் கார் படகாக நின்றது.

பட்டறைகள் எல்லாம் திரை கிழிந்த மேடையாகத் தெரிந்தன. ஒவ்வொன்றிலும் ஆள். லேத்தில் குனிந்தவர்கள் குனிந்தபடி, சுத்தியலை ஓங்கியவர்கள் ஓங்கியபடி. ஸ்பிரிங்கு கால்சட்டை மாற்றிக்கொண்டிருந்தார், ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. ஒருவர் இரும்பு அடிக்கிற பட்டறையின் நடுவில் முகம் நிறையச் சோப்பு நுரையோடு சவரம் செய்துகொண்டிருந்தார். ம்-அண்ணன் லேத்தை நிறுத்தவே இல்லை. அவர் காதில் பஞ்சு.

ஆபீசர் அந்தப்பக்கக் கதவு வழியாக இறங்கி, சுற்றும்முற்றும் பார்த்தார். பிறகு சட்டையை உதறிக்கொண்டு, “யாராவது வந்து இதைத் தூக்குங்க” என்றார்.

முதலில் அசைந்தது ஒரு சுத்தியல்காரர்தான். உதவ வந்தார். அக்கா அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் நின்றுவிட்டார்.

“யாரைக் கூப்பிடுறீங்க சார்?” என்றாள் அக்கா.

“இவங்களைத்தான்.”

“எவங்களை? இங்க யாரும் இல்லையே. இப்பத்தானே போன்ல சொன்னீங்க.”

“அம்மா, விளையாடாதீங்க. நீங்களாவது ஒரு கை...”

“நான் ஒருத்தி தூக்கிட்டா தெரு தூக்கினதா ஆகிடாது சார்.”

சந்துக்காரர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும். ரோஷமும் கெடவில்லை, வேலையும் கெடவில்லை. எல்லோரும் அந்தக் கணமே இல்லாமல் போனார்கள். லேத்துகள் ஓடின, சுத்தியல்கள் விழுந்தன, நுரைக்காரர் கன்னத்தை மழித்தார். ஆபீசர் ஒவ்வொரு பட்டறைக்கு முன்னாலும் போய் நின்று, “ஐயா”, “அண்ணே”, “தம்பி” என்று கூப்பிட்டார். ஒருவரும் தலையைத் தூக்கவில்லை. ஸ்பிரிங்குவின் தோளைத் தொட்டார். ஸ்பிரிங்கு பக்கத்தில் இருந்தவரிடம், “காத்து ஒரு மாதிரியா அடிக்குதுல்ல இன்னைக்கு?” என்றார். அவ்வளவு நேரமும் அவர் துள்ளவில்லை. அவர் ஆயுளில் அது ஒரு சாதனை.

ஆபீசர் கிரேன் கேட்டு அலுவலகத்துக்குப் போன் போட்டார். எதிர்முனையில் இருந்தவர் எந்தச் சாலை என்று கேட்டுவிட்டு, “அங்க கிரேன் வராது சார். ஆளில்லாத ஊருக்கு எதுக்குன்னு போன மாசம் நீங்கதான கையெழுத்துப் போட்டு அங்க இருந்த கிரேனை எடுத்தீங்க” என்றார்.

கொழுந்தன் காரைவிட்டு இறங்கவேயில்லை. பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தான். ஆபீசர் திரும்பிவந்து தன் பக்கக் கதவைத் திறந்து உள்ளே குனிந்தார்.

“இறங்குங்க. நீங்க இந்த ஊரு நிபுணர்தானே? இவ்ளோ பேர் எங்க இருந்து வந்தாங்க?”

“சார், இது ஒரு விதிவிலக்கு...”

“கண்ணுக்கு எட்டின தூரம் விதிவிலக்கா இருக்கேய்யா. உங்களுக்கு இது தெரியுமா, தெரியாதா?”

கொழுந்தன் ஆபீசரின் சீட் வழியாக நகர்ந்து இறங்கினான். சலவைச் சட்டையோடு அக்காவின் ஷட்டருக்குப் பக்கத்தில் போய், குனிந்து, அதன் ஓரத்தைப் பிடித்துத் தூக்கப் பார்த்தான். கட்டெறும்பு கதவைத் தூக்குவதுபோல இருந்தது. துரு அவன் கையைக் கிழித்தது. எதிரே நான்கடி தூரத்தில் அவன் அண்ணன் போல்ட்டைக் கடைந்துகொண்டிருந்தார்.

“அண்ணே” என்றான்.

ம்-அண்ணன் கருவியை ஒரு மயிரிழை நகர்த்தினார். ம் கூடச் சொல்லவில்லை. காதில் பஞ்சு இருந்தது உண்மைதான். ஆனால் அந்தப் பஞ்சோடுதான் அவர் தினமும் அக்கா சாப்பிடக் கூப்பிடுவதைக் கேட்டு வருவார்.

கொழுந்தன் உள்ளங்கையைப் பார்த்தான். அண்ணியைப் பார்த்தான். அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். உதவுகிற முகம் அல்ல அது.

“தெரியும் சார்” என்றான் கடைசியில்.

“என்ன தெரியும்?”

“ஆள் இருக்காங்கன்னு தெரியும். எப்பவும் இருந்தாங்க. பின்னால.” அப்புறம் விரலை நீட்டாமல், தாடையால் காட்டினான். “அது எங்க அண்ணன். இவங்க எங்க அண்ணி.”

ஆபீசர் அவனை மேலும் கீழும் பார்த்தார். போனை எடுத்தார். எல்லா லேத்தும் ஓட, தொண்டை கிழியக் கத்திப் பேசினார்: “முன்னாடி சொன்னதை அழிச்சிடுங்க. வரிசை முழுக்க வேலை நடக்குது. கைவிடப்பட்டது இல்ல. இடிக்கிற பட்டியல்ல இருந்து எடுத்துடுங்க.” கொஞ்சம் நிறுத்தி, “ஆட்களுக்கு மரியாதை தெரியலை. அதையும் சேர்த்துக்குங்க” என்றார்.

“அது நிஜம்” என்றாள் அக்கா. “அதை அழிச்சிடாதீங்க.”

பிறகு அவள் திரும்பி வரிசையைப் பார்த்துத் தலையசைத்தாள். அவ்வளவுதான். எங்கிருந்துதான் அத்தனை கைகள் வந்தனவோ, ஆபீசர் மூச்சை இழுத்து விடுவதற்குள் ஷட்டர்கள் ஓரமாகப் போய்விட்டன. ஸ்பிரிங்கு சேர்த்துவைத்த துள்ளலை எல்லாம் மொத்தமாகத் துள்ளித் தீர்த்தார். யாரும் ஆபீசரோடு பேசவில்லை, சிரிக்கவில்லை, தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை.

ஆபீசர் காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். கொழுந்தன் அந்தப்பக்கக் கைப்பிடியைப் பிடித்தான். அது உள்ளே பூட்டியிருந்தது. கண்ணாடி மறுபடி நான்கு விரல் இறங்கியது.

“நீங்க இருந்து ஊரை நல்லாப் பார்த்துட்டு வாங்க” என்றார் ஆபீசர். கார் போய்விட்டது.

கொழுந்தன் சாலையில் நின்றான். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. உட்கார் என்று யாரும் சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. பொறி அவனைச் சுற்றிக்கொண்டு போகும்போது வேண்டுமென்றே அவன் காலடியில் காறித் துப்பிவிட்டுப் போனான். கொஞ்சநேரம் பொறுத்து, அவனே பட்டறைக்குள் ஏறி, சீவல் இரும்புக் குவியலுக்குப் பக்கத்தில் கிடந்த மரப்பெட்டியில் உட்கார்ந்தான். அக்கா அவன் பக்கம் ஒரு துணியை எறிந்தாள். கையில் கட்டிக்கொள்ள. பாசத்தில் இல்லை, பெட்டியில் ரத்தம் படக்கூடாது என்று.

அப்போது அவன் போன் அடித்தது. டிவிக்காரர்கள். நேரலையில் இருக்கிறார்களாம். வாரியத்தோடு போய்ப் பார்த்த நிபுணர் ஊரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லவேண்டுமாம். அவன் போனைக் காதில் வைத்ததைப் பார்த்து அந்தச் சுத்தியல்காரர் சுத்தியலை நிறுத்தினார். ஸ்பிரிங்கு தன் மெஷினை நிறுத்தினார். அடுத்தவர், அதற்கடுத்தவர். அக்கா தன்னுடையதை நிறுத்தினாள். கடைசியில் ம்-அண்ணனும் கை நீட்டி நிறுத்திவிட்டு, காதிலிருந்து பஞ்சை எடுத்தார். வரிசை முழுவதும் அவன் வாயைப் பார்த்தது. அந்தத் தெருவில் யாரும் நினைவு தெரிந்து கேட்டிராத அமைதி. எண்ணெய்ச் சொட்டு விழுவதுகூடக் கேட்டது.

போனுக்குள் ஒரு பெண் குரல், “சார், சொல்லுங்க சார், அந்த ஊரோட இன்னைய நிலைமை...” என்றது.

 கொழுந்தன் அண்ணியின் முகத்தைப் பார்க்காமல், எதிரே வெறும் சாலையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்:

“நீங்க பேசறது ஒண்ணுமே கேக்கலீங்க. இங்க எல்லா மெஷினும் ஓடிட்டிருக்கு.”

ம்-அண்ணன், “ம்” என்றார்.

அக்கா எழுந்து போய் முதல் லேத்தின் சுவிட்சைப் போட்டாள். அவனுக்காக ஒன்றும் இல்லை. வேலை கிடந்தது.